கடைசிக் கை

காலை ஏழு மணிக்குப் பால்காரர் பாக்கெட்டை வாசல் சுவரில் வைத்துவிட்டு, "கை எடுத்தாச்சு!" என்று உரக்கச் சொன்னார். அவர் மணிக்கட்டிலிருந்த கைச்சான்றுப் பட்டை பச்சையாக ஒளிர்ந்தது. மும்தாஜ் வெளியே வந்து பாக்கெட்டை எடுத்தாள். இனி பால் திரிந்துபோனால் அவரைக் கேட்க முடியாது. கோவில்பட்டியின் அந்தத் தெரு விடிவதே இந்தக் குரலில்தான். கொரியர்காரர், சிலிண்டர் போடுகிறவர், எல்லோரும் அதைச் சொன்ன பிறகே மூச்சு விட்டார்கள்.

எதிர்வீட்டில் செண்பகம் காரின் சாவியை நான்காவது முறையாகத் திருப்பினாள். 'டக்' என்று ஒரு சத்தம். அதற்குமேல் ஒன்றுமில்லை.

பின் இருக்கையில் அவள் கணவன் பூவலிங்கம் காலை அசைக்காமல் உட்கார்ந்திருந்தான். அரை மணி நேரத்துக்கு முன் குழாயடியில் விரியன் கடித்திருந்தது. கணுக்கால் கத்தரிக்காய் நிறத்தில் வீங்கிக்கொண்டிருந்தது.

"இந்த டப்பாவ வித்துருன்னு எத்தன வாட்டி சொன்னேன்?"

"பேசாம இருங்க. பேசுனா ரத்தம் வேகமா ஓடும்."

"அதாச்சும் ஓடட்டும். காருதான் ஓடலயே."

ஓட்டுநர் இல்லாமல் ஓடும் தன்னூர்திகளை அவள் கூப்பிடாமல் இல்லை. மூன்று வந்தன. மூன்றும் பூவலிங்கத்தின் உடம்பைத் தூரத்திலிருந்தே அளந்துவிட்டு, "பயணம் மறுக்கப்படுகிறது, வணக்கம்" என்று திரும்பிப் போயின. ஆம்புலன்ஸ் வரிசையில் அவர்கள் பத்தொன்பதாவது. இரண்டு மணி நேரம் ஆகும். மிஞ்சியது, அவள் ஆசைக்கு வைத்திருந்த இந்தப் பழைய பெட்ரோல் கார்.

பானெட்டைத் திறந்தாள். பேட்டரி முனையில் பூத்திருந்த வெள்ளைப் பொடியைச் சுரண்டி, நட்டை முறுக்கினாள். டக். ஸ்டார்ட்டர் மோட்டாரை ஸ்பேனரால் இரண்டு தட்டுத் தட்டினாள். டக். ஹெட்லைட்டைப் போட்டுப் பார்த்தாள். மங்கலாக எரிந்த விளக்கு, சாவியைத் திருப்பியதும் அணையப் பார்த்தது. பேட்டரி இறங்கியிருந்தது. தீப்பொறிக்கு அது போதும், இன்ஜினைச் சுற்றத்தான் போதாது. தள்ளினால் கிளம்பும்.

தள்ள ஆள் வேண்டும்.

தெருவே வாசலுக்கு வந்து நின்றது. எல்லோரும் கைகளைப் பின்னால் கட்டியிருந்தார்கள். அதுதான் இக்காலத்து மரியாதை. முன்பு ஒரு பாலம் விழுந்தபோது, கட்டியவர்கள் ஒவ்வொருவரும் அடுத்தவரைக் காட்டினார்கள். அதன்பின் வந்தது சட்டம்: எதையும் கடைசியாகத் தொட்ட கையே, பின்னால் நடப்பதற்குப் பொறுப்பு. ஓட்டுநரைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை. மனிதர் ஓட்டும் வண்டி மிச்சமிருக்கும் என்று யாரும் நினைக்கவில்லை. அதனால் வழியில் என்ன ஆனாலும், பழி வண்டியைக் கடைசியாகத் தள்ளிய கைமேல்தான் விழும். நல்ல எண்ணத்தில் பிறந்த சட்டம்தான். ஆனாலும் கடவுள் கொடுத்த கைகள் அந்தத் தெருவில் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தன.

"அண்ணாச்சி, ஒரு நூறடி தள்ளுனாப் போதும்."

பக்கத்து வீட்டுத் தாவீது தலை குனிந்தார். "வெள்ளிக்கிழமை எனக்குக் கப்பலும்மா. மகளப் பாத்து ஆறு வருசமாச்சு. பட்டையில சிவப்பு விழுந்தா ஏத்த மாட்டான்."

அவர் பொய் சொல்லவில்லை.

மும்தாஜ்தான் தெருவில் இறங்கினாள். "எல்லாருமாத் தள்ளுவோம் அண்ணாச்சி. இத்தன பேருல சிவப்பு உங்களத் தேடியா வந்து விழும்? வாத்தியாரே, நீங்களும் வாங்க. வேட்டி அழுக்காகாது."

தாவீதையும் வாத்தியாரையும் சேர்த்து ஐந்து பேர் வந்தார்கள். செண்பகம் கிளட்சை மிதித்து இரண்டாவது கியரில் போட்டாள். கார் நகர்ந்தது, வேகம் பிடித்தது. அவள் கிளட்சை விட்டாள். அதே நொடியில் பின்னாலிருந்து, "கை எடுத்தாச்சு!" என்று ஒரு குரல். அடுத்த மூச்சில் மற்ற குரல்களும். கார் குலுங்கி, இருமி, நின்றது.

"செண்பகம்." பூவலிங்கத்தின் குரலில் இப்போது கேலி இல்லை. "பல்லு ஓரத்துல ரத்தம் வருது."

அவள் இறங்கிப் பின்னால் போனாள். கோபப்படவில்லை.

"உங்க மேல தப்பு இல்ல. ஆனா நான் கிளட்ச விடும்போது வண்டி முரண்டு பிடிக்கும். அப்பத்தான் பலமா அழுத்தணும். அந்த நேரத்துல கை இல்லன்னா இது கிளம்பாது."

தாவீது தன் பட்டையைப் பார்த்தார். பிறகு சட்டைக் கையை அதன்மேல் இழுத்துவிட்டுக்கொண்டார்.

"ஏறு தாயி. நான் விட மாட்டேன்."

"அண்ணாச்சி, கப்பலு?" என்றாள் மும்தாஜ்.

"கப்பல் இன்னொண்ணு வரும். இவன் வருவானா?"

மறுபடி தள்ளினார்கள். கிளட்சை விட்டதும் கார் முரண்டு பிடித்தது. பின்னாலிருந்து ஒரு சத்தமும் இல்லை, கைகளின் பலம் மட்டும். ஒரு உறுமல், குப்பென்று ஒரு புகை. இன்ஜின் பிடித்துக்கொண்டது.

கண்ணாடியில் பார்த்தாள். மற்றவர்கள் விலகிய பின்னும் டிக்கியில் கை வைத்தபடி தாவீது ஓடிவந்தார். செண்பகத்தின் மணிக்கட்டுப் பட்டை அறிவித்தது: "கடைசிக் கை, தாவீது." உடனே செருப்பை உதறிவிட்டு ஓடிவந்த மும்தாஜ், அவர் கையைத் தட்டிவிட்டுத் தன் கையை வைத்தாள். "கடைசிக் கை, மும்தாஜ்." தாவீது விடாமல் எட்டி டிக்கியை இன்னொரு முறை தட்டினார்.

பூவலிங்கம் சிரமப்பட்டுத் தலையைத் திருப்பினான். "வாத்தியாரு வேட்டிய மடிச்சுக் கட்டிட்டு ஓடி வாராரு. கொஞ்சம் மெதுவாப் போ."

"முடியாது." அழுதுகொண்டே செண்பகம் மூன்றாவது கியரைப் போட்டாள். "தொடணும்னா ஆஸ்பத்திரிக்கு வரட்டும்."