இடது ஓரத்தில் யாரும் இல்லை

டீ மூன்றுதான் வந்தது. அறையில் இருந்ததோ நான்கு பேர். மேனேஜர் மதிவாணன் தனக்கொன்று, இர்ஃபானாவுக்கொன்று எடுத்துக்கொண்டு, மூன்றாவதைச் செம்மொழியிடம் கொடுத்தார். பக்கத்து நாற்காலியில் வானதி நீட்டிய கை அப்படியே நின்றது. நல்லா வேணும் என்றுதான் செம்மொழிக்கு முதலில் தோன்றியது.

திருவிடைமருதூரில் ஓர் அரிசி ஆலையின் மாடியில் இருந்தது அந்த அலுவலகம். ஜன்னலைச் சாத்தினாலும் நெல் அவியும் வாடை உள்ளே வந்து துணியிலெல்லாம் ஏறிக்கொள்ளும். படத்தைப் பார்த்து ஏஐ படிப்படியாகச் சொல்வதெல்லாம் படத்தில் நிஜமாகவே இருக்கிறதா என்று பார்த்து, 'சரி' அல்லது 'தவறு' அழுத்துவதுதான் வேலை. அதை வைத்து அது கற்றுக்கொள்ளும்.

வெள்ளிக்கிழமை டீம் லீடர் யாரென்று சொல்வார்கள். தனக்கு எட்டு மாதம் பின்னால் வேலைக்கு வந்த வானதி, நடவு வயல்களில் எடுத்து வந்த படங்களைக் காட்டியே அதைத் தட்டிக்கொண்டு போகப்போகிறாள். அத்தனை படத்திலும் ஓரமாக அவளே பல்லைக் காட்டிக்கொண்டு நின்றாள். பெரிய மகாராணி! செம்மொழிக்கு வயிறு பற்றி எரிந்தது.

அந்தப் படங்களில் ஏஐ தடுமாறினால் வானதியின் பெயர் கெடும். "இடது ஓரத்தில் பச்சைச் சுடிதாரில் ஒரு பெண் நிற்கிறார்" என்று அது சொல்லும்போதெல்லாம் செம்மொழி 'தவறு' அழுத்தினாள். நானூறு படம். மூன்றாம் நாள் அது அந்தப் பெண்ணைச் சொல்வதையே விட்டுவிட்டது.

இன்று வெள்ளி.

"இர்ஃபானா, வானதிக்கு டீ?" என்றாள் செம்மொழி.

"யாருக்குக்கா?"

கேட்டுக்கொண்டே இர்ஃபானா தன் பையைப் பக்கத்து நாற்காலியில் வைத்தாள். வானதியின் மடியில். வானதி வாயைத் திறந்து கத்தினாள். ஆலை இரைச்சல் மட்டுமே கேட்டது.

செம்மொழி திரைக்குத் திரும்பினாள். பழைய படங்களைத் திறந்தாள். 'பெண் இருக்கிறார்' என்று திருத்தினாள். "மன்னிக்கவும், அங்கே யாரும் இல்லை" என்றது ஏஐ. அடுத்த படம். யாரும் இல்லை. அடுத்தது. அவள் கண்ணுக்கு மட்டும் வானதி தெரிந்தாள். இப்போது சிரிக்கவில்லை.

"செம்மொழி, நீங்கதாங்க லீடர்," என்றார் மதிவாணன். "உங்கள விட்டா வேற யாரு இருக்கா? கொஞ்சம் சிரிங்க, இந்தப் படத்தையே ஏஐகிட்ட குடுத்துப் பாப்போம்."

போனைத் தூக்கினார்.

வானதி எழுந்தாள். பின்னால் வந்தாள். கழுத்தருகே மூச்சு. சில்லென்று.

கிளிக்.

திரையில் வரிகள் ஓடின. "ஒரு பெண் நாற்காலியில் அமர்ந்திருக்கிறார். துப்பட்டா அவர் கழுத்தை இறுக்கிப் பின்னோக்கி நீண்டிருக்கிறது. பிடித்திருப்பவர் யாரும் இல்லை."

"அடேயப்பா! என்னமா கவனிக்குது!" மதிவாணன் திரையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. "சரியா தவறா, நீங்களே அழுத்துங்க மேடம்."

செம்மொழியின் விரல் மவுஸை எட்டவில்லை. நாற்காலி மெல்லப் பின்னால் நகர்ந்துகொண்டிருந்தது.