ஆளில்லாத அறையின் சத்தம்

அவள் வைக்காத ஒரு சத்தத்துக்காக அவளைப் பாராட்டியிருந்தார்கள்.

விளையாட்டு வெளியான நாள் அது. அலுவலகத்தில் எல்லோரும் ஆளுக்கொரு திரையைக் கட்டிக்கொண்டு, ஆடியவர்கள் எழுதும் கருத்துகள் வந்து விழுவதைப் பரீட்சை முடிவு பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்கள். கைவிடப்பட்ட விண்கலம் ஒன்றுக்குள் மூன்று பேர் சேர்ந்து நுழைந்து, அங்கே குடியேறியிருக்கும் தோலுரிகள் என்ற கொடிய பிராணிகளைச் சுட்டுத் தள்ளிவிட்டு உயிரோடு திரும்ப வேண்டும்; அவ்வளவுதான் கதை. சுடத் தவறினால் தோலுரி ஆளைக் கீழே தள்ளி, முழங்காலால் மார்பை அழுத்தி, தாடையைப் பிய்த்தெடுக்கும். அந்தப் பிய்க்கும் சத்தம் அவளுடையது. விலா ஒடிவதும், ரத்தம் தொண்டையில் கொப்பளிப்பதும் அவள் கைவேலைதான். முட்டைக்கோஸைத் திருகியும், தர்பூசணியைச் சுத்தியலால் பிளந்தும், ஈரத்துணியைக் கண்ணாடியில் அறைந்தும் அவள் தயாரித்த சாவுகள் அவை. அலுவலகத்தில் அவளைக் 'காது' என்றுதான் கூப்பிடுவார்கள்.

"சாப்பிட்டுக்கிட்டே ஆடாதீங்க மக்களே, அந்தத் தாடைச் சத்தத்துல எனக்கு வாந்தியே வந்துடுச்சு" என்று ஒருவர் எழுதியிருந்தார். அவளுக்கு உச்சி குளிர்ந்தது. "துப்பாக்கி சும்மா தெறிக்குது, ஆனா கூட வர்றவன் சொதப்பினா நீங்க காலி" என்றார் இன்னொருவர். அதற்குக் கீழே இருந்தது அது.

"பயமுறுத்துறதுன்னா இதுதான். தூங்குற அறைக்குப் போய் சுடாம, பேசாம, அசையாம நில்லுங்க. மேலேருந்து யாரோ மூச்சு விடுவாங்க. நடுவுல எச்சில் முழுங்குவாங்க. இதை யோசிச்ச ஆளுக்கு ஒரு கும்பிடு."

தூங்கும் அறையில் அவள் மூச்சு எதையும் வைக்கவில்லை. அங்கே இருப்பது வெறும் நிசப்தம்தான். கண்ணாடிக் கதவு போட்ட தன் ஒலியறையிலிருந்து மைக்கில் பூச்சியைக் கூப்பிட்டாள். நிரலில் இருக்கும் பிழைகளைப் பொறுக்குகிறவன் என்பதால் அவனுக்கு அந்தப் பெயர்.

"பூச்சி, தூங்குற அறையில நீ ஏதாவது சேர்த்தியா?"

"நான் ஓட்டையை அடைக்கிறவன் தாயே, ஓட்டை போடறவன் இல்ல. வேணும்னா உள்ள போய்ப் பார்ப்போம். அக்காவையும் கூப்பிடு."

அக்கா வீட்டில் தயாராகவே இருந்தாள். பஸ் ஓட்டுகிறவள், இன்று தங்கைக்காக விடுப்பு எடுத்திருந்தாள். வீட்டில் தங்கை சத்தங்களைப் பதிகிற சின்ன அறையில், அவளுடைய விலை உயர்ந்த மைக்குக்கு முன்னால், பெரிய ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஊர் முழுக்கச் சந்துபொந்தில் பஸ்ஸை வளைக்கிற அந்தக் கைகளால் விளையாட்டுக்குள் ஒரு கதவைத் தாண்ட முடியவில்லை. நிலையில் இடிப்பாள், சுவரைச் சுடுவாள், திரும்பவும் நிலையில் இடிப்பாள்.

"யாருடி இந்தக் கதவை இங்க வெச்சது?" என்று கத்தினாள் அக்கா. "ஐயோ, வந்துடுச்சு, வந்துடுச்சு!"

கூரையிலிருந்து குதித்த தோலுரியின் முகத்தில் பூச்சி சுட்டான். மண்டை பிளந்து திரையெங்கும் சிவப்பு வழிந்தது. இன்னொன்று அவன் காலைப் பிடித்து இழுக்க, காது அதன் கையைத் தோளோடு வெட்டி எறிந்தாள். அக்கா பதற்றத்தில் செத்துக் கிடந்ததையே திரும்பத் திரும்பச் சுட்டுக்கொண்டிருந்தாள். மூன்று பேரும் சிரித்துச் சிரித்து, பிணங்களை மிதித்துக்கொண்டு தூங்கும் அறைக்குள் போனார்கள்.

"இப்ப யாரும் அசையக் கூடாது, பேசவும் கூடாது" என்றாள் காது.

முதலில் ஒன்றுமில்லை. பிறகு, வெறுமைக்கு அடியிலிருந்து, ஒரு குளிர்சாதனப் பெட்டியின் மெல்லிய முனகலும், எங்கோ ஒரு குழாய் விட்டு விட்டுச் சொட்டுவதும், அவற்றுக்கும் மேலே, உச்சந்தலைக்குச் சற்றே உயரத்தில், மூக்கால் இழுத்து வாயால் மெதுவாக விடுகிற ஒரு மூச்சும் கேட்டன. ஒளிந்திருப்பவர்கள் விடுகிற மூச்சு. எச்சில் தொண்டையில் இறங்கியது.

அந்தக் குழாயை அவளுக்குத் தெரியும். அது அவர்கள் வீட்டுக் குழாய்.

விளையாட்டில் நிசப்தம் என்றாலும் ஒன்றுமே வைக்காமல் விட முடியாது. ஹெட்போன் கெட்டுவிட்டது என்று ஆடுகிறவர்கள் நினைப்பார்கள். ஆளில்லாத ஓர் அறையின் சத்தத்தைப் பதிந்து அடியில் ஓட விடுவார்கள். அதற்காகத்தான் அக்கா வேலைக்குப் போன ஒரு நாளில், அந்தச் சின்ன அறையில், பரணுக்கு நேர் கீழே பதிவுக் கருவியை வைத்துவிட்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு அவளும் கிளம்பினாள். மாலையில் வந்து பார்த்தபோது திரையில் ஒலியைக் காட்டும் கோடு ஒரு மேடுபள்ளம் இல்லாமல் நீண்டு கிடந்தது. காது என்று பெயர் எடுத்தவள், அன்று கண்ணால் மட்டும் பார்த்துவிட்டு அதை அப்படியே விளையாட்டில் வைத்துவிட்டாள். அத்தனை மணி நேரத்து வெறுமையை யார் உட்கார்ந்து கேட்பார்கள்?

அந்த அறையில்தான் இப்போது அக்கா இருந்தாள்.

பழைய பதிவுதானே, எப்போதோ நடந்ததுதானே என்று மனத்துக்குச் சொல்லிக்கொண்டே விளையாட்டின் சத்தத்தை முழுக்கக் குறைத்தாள். இனி அக்காவின் மைக்கும் பூச்சியின் மைக்கும் மட்டும்தான் கேட்கும். குளிர்சாதனப் பெட்டி இருந்தது. குழாய் இருந்தது. அக்கா எதையோ நறநறவென்று மென்றுகொண்டிருந்தாள்.

மூச்சு நிற்கவில்லை.

"அக்கா" என்றாள். குரல் நடுங்கியது. "ஹெட்போனைக் கழட்டு. எதையும் எடுக்காத. எழுந்து வீட்டை விட்டு வெளியே போ."

அக்கா சிரித்தாள். "போடி. இன்னொரு தடவை நான் அலறணும், நீ அதைப் பதியணும். அதானே?"

அவள் சொன்னதிலும் தப்பில்லை. தோலுரி கையில் சிக்கும் பெண்ணின் அலறல் முழுக்க அக்காவுடையது. நடித்துக் கத்தினால் போலியாக இருக்கிறது என்று, தங்கை பூனை போலப் பின்னால் வந்து கழுத்தைப் பிடித்தும், விளக்கை அணைத்தும், பரணில் யாரோ இருக்கிறார்கள் என்று புளுகியும் அந்த அலறல்களைப் பதிந்திருந்தாள்.

"சத்தியமாச் சொல்றேன்க்கா. பரண்ல ஆள் இருக்கு."

"அதே பழைய டயலாக்கா? புதுசா ஏதாவது சொல்லுடி."

"காது, சினிமாவுக்குப் போ நீ. அழுகையெல்லாம் அசலா இருக்கு" என்று பூச்சியும் சேர்ந்துகொண்டான்.

அவள் கைப்பேசியை எடுத்து அக்காவின் எண்ணை அழுத்தினாள். மைக் வழியாக, அந்த அறைக்குள்ளேயே, அக்காவின் முதுகுக்குப் பின்னாலிருந்து மணி அடிப்பது கேட்டது. ஹெட்போனுக்குள் அவளே சுவரைச் சுடுகிற சத்தம் நிறைந்திருக்க, அக்காவுக்கு அது கேட்கவில்லை. பொத்தான்களை இரண்டு கைகளாலும் படபடவென்று தட்டிக்கொண்டிருந்தாள். மணி அடித்தது. மறுபடி அடித்தது.

யாரோ அந்த அழைப்பைத் துண்டித்தார்கள்.

பொத்தான்களின் படபடப்பு நிற்கவே இல்லை.

மூச்சு இப்போது மேலே இல்லை. அக்காவின் பின்னால், மைக்குக்கு நேராக இருந்தது. வெறுங்கால் ஒன்று தரையிலிருந்து பிசுபிசுப்போடு பிரிந்தது. பிறகு இன்னொரு கால். அவசரமே இல்லை.

"அக்கா, திரும்பு! அக்கா!"

"திரும்பிட்டேன்டி, ஒண்ணுமில்லையே" என்றாள் அக்கா. திரையில் அவளுடைய வீராங்கனை திரும்பி வெறும் சுவரைப் பார்த்தாள்.

நாற்காலி கிறீச்சிட்டது.

அலறல். ஒரே அலறல். பாதியில் அது குமிழியாக மாறியது.

"எத்தனை தடவை கேட்டாலும் அக்கா கத்துறது சூப்பர்" என்றான் பூச்சி. விளையாட்டில் அவர்களைச் சுற்றி எதுவுமே இல்லை என்பதை அவன் கவனிக்கவில்லை.

நாற்காலி கவிழ்ந்தது. குதிகால்கள் தரையை உதைத்தன. கனமான ஏதோ ஒன்று மார்பின் மேல் ஏறி அழுத்த, உள்ளே இருந்த காற்றெல்லாம் ஒரு முனகலாக வெளியே வந்தது. பிறகு எலும்பு. அவள் அதை முட்டைக்கோஸில் செய்திருந்தாள். அது இப்படி இல்லை. இதில் மொறுமொறுப்பே இல்லை. மெதுவாக, ஈரமாக, இழுத்துக்கொண்டே போனது. அவள் செய்தது எல்லாமே தப்பு. குதிகால் ஒருமுறை உதைத்தது. நின்றது.

ஹெட்போனைக் கழற்ற அவளால் முடியவில்லை. கழற்றினால் அக்காவைத் தனியாக விட்டுவிடுவதாகும் என்று தோன்றியது. விரல் தானாகவே அவசர எண்ணை அழுத்தியது. "சொல்லுங்க, என்ன உதவி வேணும்?" என்று ஒரு பெண் கேட்டாள். இவள் வாயைத் திறந்தாள். முகவரி தொண்டைவரை வந்துவிட்டது. அதே நேரம் மைக்கில் அந்த மூச்சு அடங்கியது.

இவள் என்ன சொல்லப்போகிறாள் என்று, அக்காவின் ஹெட்போனில், அது காதைத் தீட்டிக்கொண்டு கேட்டது.

"ஹலோ? கேக்குதா? ஹலோ?" என்றாள் கைப்பேசியில் அந்தப் பெண்.

திரையில், சுவரைப் பார்த்து நின்ற அக்காவின் வீராங்கனை அசைந்தாள். இடப்பக்கம் ஓர் எட்டு. வலப்பக்கம் ஓர் எட்டு. பொத்தான்கள் இப்போது படபடக்கவில்லை. ஈரமாக, ஒவ்வொன்றாக அழுந்தின. அவள் கதவுக்கு வெளியே போனாள். திரும்பி உள்ளே வந்தாள். நிலையில் எங்கும் இடிக்கவில்லை.

"அட" என்றான் பூச்சி. "அக்கா நல்லா ஆட ஆரம்பிச்சுட்டாங்களே."

வீராங்கனை அவனைத் தாண்டி, துப்பாக்கியைத் தாழ்த்திக்கொண்டு, நேராகக் காதிடம் வந்தாள். முகத்தோடு முகம் வைத்து நின்றாள். அங்கிருந்து அசையவில்லை. ஹெட்போனுக்குள், மிக அருகில், எச்சில் முழுங்கும் சத்தம் கேட்டது.