பின்சீட்டின் இடப்பக்கம்

அன்று காலையும் வண்டி கண் திறக்கவில்லை. தங்கதுரை கதவருகே போய் நின்றார். பின்னால் போய் மறுபடியும் நடந்து வந்து பார்த்தார். கடைசியில் வேறு வழியில்லாமல் முழங்கையால் கதவில் ஓர் இடி இடித்தார். முகப்பில் சின்னச் சிவப்பு விளக்கு ஒன்று எரிந்து, இவ்வளவுதான் முடிந்தது என்பதுபோல் அணைந்தது. பேட்டரி காலி.

ராத்திரி சார்ஜில் போட்டு நிறைத்துத்தான் படுக்கப் போகிறார். விடிந்து பார்த்தால் சொட்டு மிச்சமில்லை. புதுப் பேட்டரி மாற்றியும் இதே கதைதான். வேறு மாதமாக இருந்தாலும் பரவாயில்லை. ஐப்பசி மழை விழுந்து, கோவில்பட்டியைச் சுற்றியுள்ள கரிசல் காடுகளில் விதைப்பு தொடங்கிவிட்டது. விதைக்கடைக்காரரின் வண்டி வாசலில் படுத்துக்கொண்டால், மண்ணின் ஈரம் அவருக்காகக் காத்திருக்குமா?

இப்போதைய வண்டிகளுக்குச் சாவியும் கிடையாது, பொத்தானும் கிடையாது. எல்லாவற்றுக்குள்ளும் வரவுணரி இருக்கிறது. வீட்டு மனிதர்களின் நடையையும் கைகளையும் கண் போகும் திசையையும் பார்த்துப் பார்த்து, அடுத்து யார் ஏறப்போகிறார் என்பதை அது முன்கூட்டியே கண்டுகொள்ளும். வருகிறவருக்குத் தக்கபடி இருக்கையைச் சரித்து, குளிரூட்டி, கதவுத் தாழை நெகிழ்த்தி வைக்கும். ஆரம்பத்தில் அதற்குக் காதும் வைத்திருந்தார்கள். 'இதோ கெளம்பிட்டேன்' என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போகும் ஜனங்களை நம்பி, நாட்டிலுள்ள வண்டியெல்லாம் வாசல் வாசலாக உறுமிக்கொண்டு நின்றதில், ஒரே வருஷத்தில் காதை அடைத்துவிட்டார்கள். அதுமுதல் வண்டிகள் நம் பேச்சை நம்புவதில்லை. உடம்பை மட்டும்தான் நம்புகின்றன.

பழுது பார்க்கும் ஜெனிட்டா வந்தாள். போன தடவை பேட்டரியை மாற்றிக் கொடுத்தவளும் அவள்தான் என்பதால் முகத்தில் கொஞ்சம் ரோஷம் இருந்தது.

"பேட்டரி மேல குத்தமில்ல அண்ணாச்சி. எவனோ உள்ள இருந்து குடிக்கான். அவன் ஆருன்னு பாக்காம இன்னைக்கு நான் போவப்போறதில்ல."

தன் பெட்டியிலிருந்து சோதனைக்குப் போதுமான அளவு மின்சாரத்தை மட்டும் ஏற்றினாள். கதவுகளைச் சாத்திவிட்டு எல்லோரையும் தள்ளி நிற்கச் சொன்னாள். பேட்டரியிலிருந்து போகும் கம்பியைக் கசிவுமானியால் கவ்வினாள். தூங்குகிற வண்டியில் அதன் முள் பூஜ்யத்தை ஒட்டிக் கிடக்கவேண்டும். இங்கே பாதிக்கு மேல் ஏறி நின்றது.

ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக உருவினாள். விளக்கு, பாட்டு, கண்ணாடி எதற்கும் முள் அசையவில்லை. ஓரத்திலிருந்த நீல ஃபியூஸை உருவியதும் முள் தொப்பென்று விழுந்தது.

"பின்சீட்டு, எடது பக்கம்" என்றாள் ஜெனிட்டா. "ராத்திரி பூரா இந்த ஒத்த சீட்டைக் குளுத்திக்கிட்டே கெடந்திருக்கு. தெருவுல ஏதாச்சும் வண்டி வந்தா கதவைத் தெறக்க ரெடியாவுது. போயிட்டா மூடுது. ஆரை எதிர்பாக்கு இது?"

ஃபியூஸை மறுபடி சொருகினாள். இருக்கை மெல்ல உயர்ந்து பின்னால் சாய்ந்தது. அதன் ஓரத்திலிருந்து சின்னப் பலகை ஒன்று வெளியே நீண்டது. டீயோடு வந்த தங்கதுரையின் மனைவி பொன்செல்வி அதைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"ஒத்தக் காலை மடக்கி வச்சு உக்காருறதுக்கு" என்றாள். "காலைத் தொங்கப் போட்டு உக்காருடின்னு எத்தனை தடவை சொல்லியிருப்பேன்."

மகள் ஆதிரையைத்தான் சொன்னாள். தூத்துக்குடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் அவளுக்கு வேலை. கூட வேலை பார்த்தவனையே மனதுக்குப் பிடித்துக் கல்யாணம் செய்துகொண்டாள். தங்கதுரை போகவில்லை. அன்றைக்கு முழுக்கக் கடையில் உட்கார்ந்து உளுந்து நிறுத்தார். நாற்காலியில்கூடச் சாய்ந்து உட்காரத் தெரியாத மனிதர் அவர். வளைந்து கொடுப்பது வருமா? கோபம் என்னவோ கொஞ்ச நாளில் கரைந்துவிட்டது. ஆனால் கல்யாணமான பெண்ணையும் மாப்பிள்ளையையும் பெண்ணைப் பெற்றவர் நேரில் போய் மறுவீட்டுக்கு அழைக்கவேண்டும், அதுதான் முறை. 'வந்தா வேண்டாம்னா சொல்லப்போறேன்' என்று இவர் இருந்தார். 'கூப்பிடாம எப்படி வர்றது' என்று அவள் இருந்தாள். இரண்டு தீபாவளி அப்படியே போய்விட்டது.

"அந்தப் பிள்ளை வரப்போவுதுன்னு வண்டி எப்படிக்கா நெனைச்சிச்சு?" என்று கேட்டாள் ஜெனிட்டா.

"இவரைப் பாத்துத்தான். விதை மூட்டையெல்லாம் வலது பக்கந்தான் அடுக்குவாரு. எடது பக்கம் ஒரு துண்டு கூடப் போட விடமாட்டாரு. பஸ் ஸ்டாண்டு வந்தா வண்டி மெதுவாவும். தூத்துக்குடி பஸ் நிக்கிற எடத்துக்குக் கண்ணு போவும். நானும் ஏன்னு கேட்டதில்ல."

தங்கதுரைக்குக் காது சிவந்தது. "ரோட்டைப் பாத்து ஓட்டுறது ஒரு குத்தமா?" என்றார்.

ஜெனிட்டா பையிலிருந்து கறுப்பாக ஒரு சில்லை எடுத்தாள். மறதிச்சில்லு. வரவுணரியில் சொருகினால், குறிப்பிட்ட ஒருவருடைய உடம்பின் நினைவு மட்டும் அதிலிருந்து அழிந்துபோகும்.

"நாளைக்கே வண்டி ஓடும் அண்ணாச்சி. ஆனா அப்புறம் அந்தப் பிள்ளையே வந்து முன்னால நின்னாலும் இதுக்கு அடையாளம் தெரியாது. போடட்டுமா?"

பொன்செல்வி புருஷன் முகத்தையே பார்த்தாள்.

"போட்டுரும்மா. விதைப்பு நேரம். யாரும் வரப்போறதில்ல" என்றார் தங்கதுரை.

அவர் அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே தெருமுனையில் ஓர் ஆட்டோ திரும்பியது. கசிவுமானியின் முள் விருட்டென்று மேலே ஏறியது. ஜெனிட்டா முள்ளைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள். அவர் தலை தெருப்பக்கம் திரும்பியிருந்தது. ஆட்டோ அடுத்த வீட்டில் போய் நின்றது. முள் மெதுவாக இறங்கியது.

"போட்டாலும் உங்களைப் பாத்து மறுபடியும் கத்துக்கிடும்" என்றாள் ஜெனிட்டா. "வண்டிக்கு மறதி என் பையில இருக்கு. உங்களுக்கு எங்க போயி வாங்க?"

சில்லைப் பைக்குள் போட்டுவிட்டு, தொழில்காரர்களுக்கே உரிய வழக்கத்தில் மனக்கணக்காக ஏதோ போட்டாள். "அநியாயம் அண்ணாச்சி. ஓடுறதுக்கு இவ்வளவு ஆவாது. ஒரு ராத்திரி நின்ன எடத்துல நின்னு இது தின்ன கரண்ட்டுக்கு, தூத்துக்குடி போயிட்டே வந்திருக்கலாம்."

அவள் குத்திக்காட்டச் சொல்லவில்லை. ஆனாலும் தங்கதுரைக்குச் சுருக்கென்று தைத்தது. இத்தனை ராத்திரி, இத்தனை தூத்துக்குடி. போனை எடுத்துக்கொண்டு வண்டிக்குப் பின்னால் போனார்.

"அப்பா?" என்றது குரல்.

என்ன பேசுவது என்று அவர் யோசித்து வைத்திருக்கவில்லை. "பேட்டரி போயிட்டும்மா" என்றார்.

"எந்த பேட்டரிப்பா?"

"நம்ம வண்டி பேட்டரி. உங்களை மறுவீட்டுக்கு வந்து கூப்பிடணும்ல. வண்டி காலியாக் கெடக்கு."

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"நீங்க கூப்பிட்டதே போதும்ப்பா, நாங்களே வந்திருவோம். ஆனா எங்க வண்டியும் செத்துக் கெடக்கு. வாங்குனதுலருந்து தெனமும் காலைல காலி. முன்சீட்டுதான் குடிக்குதுங்காரு மெக்கானிக். நெட்டுக்குத்தலா நிமிந்து உக்காருற ஆளு யாருக்கோ ராப்பூரா ரெடி பண்ணி வைக்காம். அந்த சீட்டை அப்படித்தாம்ப்பா நான் வச்சிருக்கேன். உங்க மாப்பிள்ளையக்கூட அதுல உக்கார விட்டதில்ல. பாவம், பின்னாடிதான் உக்காந்து வாராரு."

தங்கதுரை வண்டியின் மேல் கையை ஊன்றிக்கொண்டார். கண்ணீர் வந்தது, துடைக்கவில்லை. ஒரு மணி நேரப் பயணத்துக்கு இந்தப் பக்கம் ஒரு வண்டியும் அந்தப் பக்கம் ஒரு வண்டியும், ஒன்றையொன்று எதிர்பார்த்தே காலியாகிக் கிடந்திருக்கின்றன.

"இருந்த எடத்துலயே இரு" என்றார். "நான் பஸ்ல வாரேன்."

விதை மூட்டைகளை இறக்கி ஒரு லோடு ஆட்டோவில் ஏற்றி அனுப்பினார். அது முன்பே செய்திருக்கக்கூடிய காரியம்தான். மூட்டைகள் இருந்த வலப்பக்கத்தையும் இடப்பக்கத்தையும் துண்டால் நன்றாகத் துடைத்துவிட்டு, பொன்செல்வி கொடுத்த பழத்தட்டையும் வெற்றிலையையும் பையில் எடுத்துக்கொண்டு கிளம்பினார். இத்தனை நாள் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு போன இடத்தில் தூத்துக்குடி பஸ் நின்றது. ஏறி, ஜன்னலோரமாக நிமிர்ந்து உட்கார்ந்தார்.

எட்டயபுரம் தாண்டும்போது பொன்செல்வி கூப்பிட்டாள்.

"சார்ஜுல போட்டதும் வண்டி முழிச்சிருச்சுங்க. பின்சீட்டு ரெண்டு பக்கமும் குளுத்துது. முன்னாடி உங்க சீட்டையும் எழுப்பி வச்சிருக்கு. ஏறுற கரண்ட்டெல்லாம் அதுக்கே போவுது. இப்படியே விட்டா மறுபடியும் படுத்துரும், ஃபியூஸைப் புடுங்கட்டுமான்னு ஜெனிட்டா கேக்கா."

"வேண்டாம், இருக்கட்டும்" என்றார் தங்கதுரை. "நாங்க பஸ்லயே வாரோம்."