படுக்கப் போடுங்க

விடிகாலையில் சோலையம்மாளின் உள்ளங்கைக்குக் கீழே நல்லகாமனின் நெஞ்சு நின்றது. தொழுவத்தில் மாடு அசைபோடும் சத்தமும், கூரையில் பல்லி ஊரும் சரசரப்பும், நனைந்த வைக்கோலின் வாசனையும் அப்படியே இருக்க, புருஷனின் துடிப்பு மட்டும் இல்லாமல் போயிற்று. மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்தாள். தொம்மென்று ஒரு அடி. அதைத் துரத்திக்கொண்டு இன்னொன்று. வந்துவிட்டார்.

ஒரு வருஷமாக இதே பாடுதான். எழுமலையிலிருந்து வண்டி கட்டி, உசிலம்பட்டியில் பஸ் பிடித்து மதுரைக்குக் கூட்டிப் போனபோது, டாக்டர் அவர் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தார். படுக்க வைத்துப் பார்த்தார், நிற்க வைத்துப் பார்த்தார். பிறகு அவளிடம் சொன்னார்.

"வயசானா நெஞ்சு தாளம் தப்பும்மா. சட்டுன்னு எழுந்தா ரத்தம் தலைக்கு ஏறாது, விழுந்துடுவார். அப்ப உட்கார வைக்கக் கூடாது. தட்டையாப் படுக்கப் போட்டுக் காத்திருங்க."

அப்படித்தான் காத்திருந்தாள். கடலைக்காட்டு வரப்பில் ஒரு முறை, களத்தில் ஒரு முறை. வெளுத்த முகத்தில் மெல்ல ரத்தம் ஏறும். கண்ணைத் திறந்து, என்னவோ அவள்தான் காணாமல் போனவள் மாதிரி, "எங்க புள்ள போயிட்ட?" என்பார்.

அன்று பிற்பகல் கடலைக்காட்டுக் கிணற்றடியில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். வீட்டுப் பக்கமிருந்து ஒப்பாரி கேட்டது.

ஓடினாள். விழுந்திருப்பார், படுக்கப் போட்டால் போதும் என்றுதான் நினைத்தாள். உள்ளே நல்லகாமன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தாடையைச் சுற்றி வெள்ளைத் துணி கட்டியிருந்தது. தம்பி விருமாண்டி தன் தோளை முட்டுக் கொடுத்து, அண்ணனைச் சாயவிடாமல் தாங்கிக்கொண்டு அழுதான். அந்த வகையறாவில் செத்தவரை உட்கார வைத்துத்தான் புதைப்பார்கள்.

"மக வீட்டு மாப்பிள்ள வந்தாரு மதினி. பாத்ததும் மரியாதைக்கு அண்ணன் வெடுக்குன்னு எந்திரிச்சாரு. அப்படியே விழுந்துட்டாரு. நாடி பாத்தோம், இல்ல."

"படுக்கப் போடுங்க தம்பி."

"ஒடம்பு வெறச்சிட்டா உக்கார வைக்க முடியாது மதினி."

"உக்கார வச்சா திரும்பி வர மாட்டாரு. படுக்கப் போடுங்க."

நெஞ்சில் கை வைத்தாள். ஒன்றும் இல்லை. ஊதுபத்திப் புகை கண்ணை எரித்தது. ஒன்றும் இல்லை. தொம்.

"இருக்கு. துடிக்குது."

விருமாண்டி கை வைத்தான். வெகுநேரம் வைத்திருந்தான். பிறகு கையை எடுத்து அவள் கையைப் பிடித்துக்கொண்டான். "ஒங்க கைதான் நடுங்குது மதினி."

நடுங்கத்தான் செய்தது. அவளுக்கும் வயசு ஆகியிருந்தது. இப்போதெல்லாம் அவள் நெஞ்சும் நின்று நின்றுதான் ஓடியது. தொட்டுப் பார்த்தது யார் துடிப்பு? அவளுக்கே நிச்சயம் இல்லை. அந்தத் தயக்கத்துக்குள் பெண்கள் அவளை இழுத்துப் போய்விட்டார்கள்.

பொழுது சாயுமுன் எடுத்தார்கள். நாற்காலியை மூங்கிலோடு கட்டி, முகம் வீட்டைப் பார்க்கத் தூக்கினார்கள். தெருமுனைக்கு மேல் பெண்கள் போகக் கூடாது. அவளை நாலு பேர் பிடித்துக்கொண்டார்கள். தெருமுனையில் சரிவு. கீழே ஓடை. ஓடைக்கு அக்கரையிலேயே குழி; அவள் நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது.

முன்னால் தூக்கியவர்கள் சரிவில் இறங்கினார்கள். நாற்காலி பின்னால் சாய்ந்தது. அவர் மல்லாந்தார்.

வெளுத்த முகத்தில் மெல்ல ரத்தம் ஏறியது.

கண் திறந்தது. அவளைப் பார்த்தது. கட்டிய துணிக்குள் உதடு அசைந்தது.

"பாருங்கடி," என்றாள். கொட்டுச் சத்தத்தில் அவளுக்கே கேட்கவில்லை.

விருமாண்டி அண்ணனின் இமைகளை விரலால் நீவி மூடினான். அவன் கண்ணீர் அந்த முகத்தில் சொட்டியது.

அக்கரை ஏற்றம். நாற்காலி நிமிர்ந்தது. தலை தொங்கியது.

குழிக்கரையில் சாய்த்து இறக்கினார்கள். கை எழுந்தது. காற்றைத் துழாவியது. நாற்காலி ஆடுவதால் அசைகிறது என்று நினைத்தானோ என்னவோ, விருமாண்டி அந்தக் கையைப் பிடித்து மடியில் வைத்தான்.

மறுபடி எழுந்தது.

மூங்கிலை அவிழ்த்தார்கள். அவரை நிமிர்த்தி, குழிக்குள் நேராக உட்கார வைத்து, மண்ணைத் தள்ளினார்கள்.