தொட்டி மூடியின் சத்தம்

அன்று எங்கள் ஐஸ் கம்பெனியின் மொட்டைமாடியில் இருந்தவர்கள் நான்கு பேர்: நான், என் தம்பியின் மனைவி, முப்பது வருடமாக எங்களிடம் வேலை செய்யும் மெஷின்காரர், சுகாதாரத் துறையிலிருந்து தண்ணீரைப் பரிசோதிக்க வந்த அம்மாள். என் தம்பி இல்லை. அவன் மாரடைப்பில் போய் நாற்பத்தொரு நாள் ஆகியிருந்தது. இதை முதலிலேயே எழுதி வைக்கிறேன். பிறகு யாரும் ஐந்து பேர் என்று சொல்லக் கூடாது.

அந்த அம்மாள் படியேறும்போதே விஷயத்துக்கு வந்துவிட்டார்.

"ஐயா, ஆஸ்பத்திரியில இருபத்தாறு பேர் படுத்திருக்காங்க. காய்ச்சல், வயித்துப்போக்கு. எல்லாரும் உங்க ஐஸ் போட்டுக் குடிச்சவங்க."

"எங்க ஐஸ்ல மூணு தலைமுறையா ஒரு தூசி கிடையாது."

"தூசி இல்லைங்க, கிருமி. கடற்காகத்தோட எச்சத்துல இருக்கும். குப்பைமேட்டுலயும் சாக்கடை வாயிலயும் மேஞ்சிட்டு வருதுங்க. அதுங்களுக்கு ஒண்ணும் ஆகாது. அதுங்க குளிச்ச தண்ணி நமக்குத்தான் ஆகாது. ஐஸா உறைஞ்சாலும் எல்லாக் கிருமியும் சாகாது."

அந்த இருபத்தாறு பேரில் ஒருத்தி தம்பியின் ஏழு வயது மகள்.

தம்பி தினமும் காலை ஒன்பது மணிக்கு இந்த மாடிக்கு வருவான். இரண்டு கையாலும், ஐஸுக்குத் தண்ணீர் எடுக்கும் தொட்டியின் இரும்பு மூடியைத் தூக்கி, தண்ணீர் மட்டத்தைப் பார்த்துவிட்டுத் தொப்பென்று போடுவான். அந்தச் சத்தத்துக்குத் துறைமுகத்துக் கடற்காகங்கள் எல்லாம் திரண்டு வரும். மீன் துண்டுக்காக அவன் கையிலும் தோளிலும் உட்காரும். தெருவில் போகிறவர்கள் நின்று அண்ணாந்து பார்ப்பார்கள்.

மூத்தவன் நான். வாசல் பலகையில் இருப்பது என் பெயர். எனக்காக யாரும் அண்ணாந்து பார்த்ததில்லை.

"நீயும் வாயேன் அண்ணா, கைய நீட்டினாப் போதும்" என்றான் ஒருநாள். நீட்டினேன். அத்தனையும் பறந்துவிட்டன. அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பில் விஷம் இல்லை. அதனால்தான் எனக்கு ஆறவில்லை.

அவன் காரியம் முடிந்ததும் நான் தனியாக மாடி ஏறினேன். மூடியைத் தூக்கிப் போட்டேன். மீனை நீட்டியபடி நின்றேன். மூன்று நாள் ஒரு பறவைகூட வரவில்லை. நாலாம் நாள், உப்புக் காற்றில் அலைகிறவற்றுக்கு நல்ல தண்ணீர் மேல் ஆசை இருக்கும் என்று தோன்றியது. காலை ஆறு மணிக்கு மூடியைத் திறந்து சுவரிலிருந்த கொக்கியில் மாட்டினேன்.

வந்தன. தொட்டிக்குள் இறங்கிச் சிறகடித்துக் குளித்தன. நான் நெஞ்சை நிமிர்த்தி நின்றேன்.

"மூடிய மட்டும் திறந்து போட்டுடாத அண்ணா" என்று தம்பி நூறு தடவை சொல்லியிருப்பான். சின்னவன் பெரியவனுக்குப் புத்தி சொல்வதா? பதினாறு நாள் தொடர்ந்து திறந்து வைத்தேன். மதியம் போய்ப் பார்த்தால் மூடியிருக்கும். மெஷின்காரர் மூடியிருப்பார் என்று இருந்துவிட்டேன். அவரிடம் கேட்கவில்லை. கேட்டால், திறந்தது யார் என்ற கேள்வி வரும்.

அன்று காலையும் திறந்து கொக்கியில் மாட்டிவிட்டுத்தான் இறங்கியிருந்தேன்.

மாடிக்கு வந்து சேர்ந்தோம்.

மூடி மூடியிருந்தது.

"மூடித்தானே இருக்கு?" என்றார் அந்த அம்மாள்.

"இப்ப மூடியிருக்கும்மா" என்றார் மெஷின்காரர். "தினம் ஒன்பது மணிக்குச் சத்தம் கேக்குது. ஓடி வந்து பாத்தா ஆளைக் காணோம். எனக்கு முட்டி தேஞ்சதுதான் மிச்சம். இது சின்னவர் வேலைதான்."

"சும்மா இருங்கண்ணே" என்றாள் தம்பி மனைவி. "வீட்டுல ஒரு அலமாரிக் கதவ மூடத் தெரியாது அவருக்கு. செத்ததுக்கு அப்புறம் வந்து பொறுப்பா வேலை பாக்கிறாராக்கும்."

அப்படியானால் இத்தனை நாளும் மூடியது மெஷின்காரர் இல்லை.

அவரும் அந்த அம்மாளுமாக மூடியைத் தூக்கிக் கொக்கியில் மாட்டினார்கள். தண்ணீரில் இறகுகள் மிதந்தன. உள்சுவரில் வெள்ளையாக எச்சம் வழிந்திருந்தது. அந்த அம்மாள் குனிந்து புட்டியில் தண்ணீர் பிடித்துக்கொண்டு விலகினார்.

காற்று இல்லை. பக்கத்து மாடிக் கொடியில் துணிகள் அசையாமல் தொங்கின. கைப்பிடிச் சுவரில் கத்திக்கொண்டிருந்த கடற்காகங்கள் ஒரே சமயத்தில் வாயடைத்தன. எல்லாத் தலைகளும் படிக்கட்டுப் பக்கம் திரும்பின.

பச்சை மீன் வாடை. அதோடு எலுமிச்சை சோப்பின் வாசனை. தம்பி மீனைத் தொட்ட பிறகு கை கழுவும் சோப்பு அது.

"மாமா" என்று என்னிடம் கிசுகிசுத்தாள் தம்பி மனைவி. "வாசம் வருதா?"

நான் மூக்கைப் பொத்திக்கொண்டேன்.

கொக்கி மெல்ல விலகியது.

யாரும் தொடவில்லை.

மூடி விழுந்தது.

அந்தச் சத்தத்துக்குப் பறவைகள் எழும்பி வந்தன. எங்கள் பக்கம் வரவில்லை. தொட்டியின் ஓரத்தில், ஆள் இல்லாத இடத்தில், தோள் உயரத்தில் சிறகடித்து நெருக்கின. அவற்றில் ஒன்று உட்கார்ந்தது. அங்கே உட்கார ஒன்றும் இல்லை.

பயந்துபோனேன் என்று எழுதலாம். ஆனால் முதலில் வந்தது பயம் இல்லை. செத்த பிறகும் அவனிடம்தான் போகின்றன என்ற எரிச்சல்தான் முதலில் வந்தது.

அன்றே தொட்டிக்குச் சீல் வைத்தார்கள். "தொட்டியத் திறந்து வச்சது யாரு?" என்று அந்த அம்மாள் கேட்டபோது நான் வாய் திறக்கவில்லை. ஒன்பது நாள் கழித்துக் குழந்தை எலும்பும் தோலுமாக வீடு திரும்பினாள். மற்றவர்களும் பிழைத்தார்கள். தொட்டியை இடித்தோம். மூடி பழைய இரும்புக்காரனிடம் போய்விட்டது.

இன்றைக்கும் காலை ஒன்பது மணிக்கு மேலே அந்தச் சத்தம் கேட்கிறது. மெஷின்காரர் இப்போதெல்லாம் படி ஏறுவதில்லை.

அண்ணன் மேல் இருந்த வன்மத்தில் தம்பி ஆவியாக வந்து தொட்டியைத் திறந்துவிட்டான், பெற்ற மகளையே படுக்கையில் தள்ளினான் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். எங்கள் வீட்டில் செத்தவன் மேல் பழி போடும் வழக்கம் இல்லை.

அந்தப் பேச்சு பொய். திறந்தவன் நான். அவன் வந்தது மூடுவதற்கு.