குளக்கரை நகர், பதினேழாம் மனை

தரையில் வைத்த காபி டம்ளர் தானாக ஒரு விரற்கடை நகர்ந்தது. அடியில் ஈரம் இருந்தால் வழுக்கத்தான் செய்யும் என்று துரைக்கண்ணு தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். துண்டால் துடைத்துவிட்டு மறுபடி வைத்தான். மறுபடியும் நகர்ந்தது, கூடத்தின் நடுவைப் பார்த்து.

திண்டிவனத்தில் இருபது வருடம் மேஸ்திரி வேலை பார்த்தவனுக்குத் தரை மட்டம் தெரியாமல் போகுமா? அதுவும் இது அவனே போட்ட தரை. சிவப்புச் சாயம் கலந்து, மூன்று நாள் முட்டி தேயத் தேய்த்து, முகம் பார்க்கிற அளவுக்கு மெருகேற்றிய தரை. பரண்மேல் இருந்த ரசமட்டத்தை எடுத்து வைத்துப் பார்த்தான். கண்ணாடிக் குழாய்க்குள் இருந்த குமிழி சுவர்ப்பக்கம் ஓடியது. திருப்பி வைத்தான். எதிர்ச்சுவர்ப்பக்கம் ஓடியது. நாலு பக்கமும் வைத்தான். நாலு பக்கமும் அது நடுவைவிட்டுத் தள்ளியே ஓடியது. அப்படியானால் நடுக்கூடம் இறங்கிக்கொண்டிருக்கிறது.

"காலங்காத்தால தரையை இன்னாத்துக்கு அளந்துக்கினு இருக்கீங்க?" என்றாள் தையல்நாயகி. அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு, ஏழு மாத வயிற்றோடு நின்றாள்.

"சும்மா."

"நல்ல சும்மா. ஆனா தரை இன்னிக்கு என்னமா ஜில்லுனு இருக்குது தெரியுமா? கால் வச்சா எடுக்க மனசு வரலை."

எண்பத்தாறாம் வருடத்துக் கத்திரி வெயில் அது. விடிந்த ஒரு மணி நேரத்தில் ஓட்டில் கைவைக்க முடியாது. துரைக்கண்ணு நடுக்கூடத்தில் கால் வைத்தான். குடத்தின் அடியைத் தொட்டது போல் இருந்தது.

வாசலில் பச்சைமுத்துவின் குரல் கேட்டது. அடுத்த தெருவில் இருக்கும் தபால்காரர் அவர். கையில் சாக்கு, முகமெல்லாம் சிரிப்பு. "மேஸ்திரி, குட்டைத் தண்ணி ராத்திரியோட காலி. கெண்டையும் விராலும் துள்ளிக்கினு கெடக்குது. ஜல்தி வாங்க!"

குளக்கரை நகருக்குப் பேர் வாங்கித் தந்ததே அந்தக் குட்டைதான். மனை விற்ற சுப்பராயலு நோட்டீசில் குட்டையைக் குளம் என்று போட்டு, இரண்டு அன்னப்பறவையும் வரைந்திருந்தார். நாற்பது மனையில் ஆறு வீடுதான் வந்தது, அன்னம் ஒன்றும் வரவில்லை. அந்த ஆறு வீட்டு ஜனமும் இப்போது சேற்றில் முழங்கால் வரை இறங்கி, கூடையும் வேட்டியுமாக மீன் அள்ளிக்கொண்டிருந்தது. திருவிழாக் கூச்சல். மீன் கவிச்சியும் அடிச்சேற்று வாடையும் வெயிலில் வெந்து மூக்கில் ஏறின.

துரைக்கண்ணு மீனைப் பார்க்கவில்லை. குட்டையின் நடுவில் ஆள் நுழையும் அகலத்துக்கு ஒரு பொத்தல் இருந்தது. சேறு அதைச் சுற்றிச் சுற்றி வரிவரியாகப் படிந்திருந்தது, தண்ணீர் சுழன்று இறங்கிய தடம். மிச்சமிருந்த தண்ணீரும் ஒரு பக்கமாகவே சாய்ந்து, மெல்ல ஓடி, அதற்குள் போய்க்கொண்டிருந்தது. அந்தப் பக்கத்தில்தான் அவன் வீடு இருந்தது.

அவனுக்கு அந்தக் கிணறு ஞாபகம் வந்தது. வராமல் வைத்திருந்தது ஏழு வருடம்.

மனை பிரிப்பதற்கு முன் அங்கே மாடு கட்டித் தண்ணீர் இறைக்கிற ஒரு கவலைக் கிணறு இருந்தது. ஐம்பது அடி ஆழம், பக்கவாட்டில் படிக்கல். தூர்க்க மண் லாரி லாரியாக வேண்டும் என்று சுப்பராயலு வேறு வழி சொன்னார். வாய்க்குக் குறுக்கே பனங்கட்டைகளை நெருக்கிப் போட்டு, மேலே மட்டையைப் பரப்பி, நாலடி மண்ணைக் கொட்டி மூடிவிட வேண்டியது. பார்க்கிறவனுக்கு வெறும் தரை. அன்று புதன்கிழமை. "பன்னண்டுக்கு ராகுகாலம் பொறக்குது துரைக்கண்ணு, அதுக்குள்ள வாயை மூடிடணும்" என்றார். ஆள் இறங்கிப் பார்த்துவிட்டு மூடுவதுதான் வழக்கம். பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம்தான் இருந்தது. யாரும் இறங்கவில்லை.

கடைசிக் கட்டையை உருட்டும்போது அடியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. கல்லில் சொம்பு தட்டுகிற சத்தம். நிறுத்தி, மறுபடி. கூலியாட்கள் அவன் முகத்தைப் பார்த்தார்கள். "ஆமைடா, தள்ளுங்க" என்றான் துரைக்கண்ணு. கிணற்றில் ஆமை இருக்கத்தான் செய்யும். ஆமைதான் என்று அவனே பாதி நம்பினான்.

அன்று சாயந்திரம் மூன்று ஆடுகள் அந்தப் புது மண்ணைச் சுற்றி நின்று கத்திக்கொண்டே இருந்தன. ஆடு மேய்க்கிற கெங்கம்மாளின் ஆடுகள். மறுநாள் அவள் புருஷன் வீரமுத்து வந்து, "எம் பொஞ்சாதியைப் பாத்தீங்களா மேஸ்திரி?" என்று கேட்டான். வாயில் வந்ததைச் சொன்னான் துரைக்கண்ணு: "மரக்காணம் பஸ்ஸு ஏறுனாப்ல இருந்துச்சு." அதை நம்பி அந்த மனிதன் வருஷா வருஷம் மரக்காணத்து உப்பளங்களில் தேடிவிட்டு, திரும்பும் வழியில் இந்த வாசலில் வந்து தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போவான். தையல்நாயகி மோரே கொடுப்பாள். அவன் போனபிறகு, "பாவங்க" என்பாள்.

கூலிக்குப் பதிலாக சுப்பராயலு மனை தருகிறேன் என்றபோது, கிணற்றிலிருந்து இரண்டு மனை தள்ளி, பதினேழைக் கேட்டு வாங்கினான். ஆனால் மனை விலை போகாமல் கிடந்த இரண்டு வருடம் பக்கத்துக் கொல்லைக்காரர் அங்கே மல்லாட்டைக் கடலை போட்டார். ஏர் ஓட்டத் தடையாக இருந்த மனைக்கற்களைப் பிடுங்கினார், அறுவடைக்குப் பிறகு குத்துமதிப்பாகத் திரும்ப நட்டார். அது தெரிந்தும் அவன் அளந்து பார்க்கவில்லை. அளக்கப் பயம், அவ்வளவுதான்.

வேகமாக வீட்டுக்கு வந்தான். "தையலு, கெளம்பு. கெடாருக்கு உங்கம்மா வூட்டுக்குப் போயிடலாம். இப்பவே."

கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்து உண்டான பிள்ளை. ஞாயிற்றுக்கிழமைதான் வளைகாப்பு ஆகியிருந்தது, நாளைக்கு அவள் தம்பி கார் கொண்டுவந்து அழைத்துப்போவதாக ஏற்பாடு.

"இன்னிக்கு செவ்வாக்கெழமைங்க. வளையல் போட்ட புள்ளத்தாச்சி செவ்வாயில படி தாண்டுவாளா? ஊர் சிரிக்கும்."

"அப்ப பச்சைமுத்து வூட்லயாவது போய்ப் படு."

"அவுங்க வூட்ல இன்னிக்கு கூடை கூடையா மீன் குழம்பு. வாசல்லயே வாந்தி எடுத்துடுவேன்." அவள் சிரித்தாள். அவன் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினாள். பக்கத்தில் வந்தாள். "இன்னா சமாச்சாரம், சொல்லுங்க. நீங்க சொன்னா செவ்வாயாவது ஒண்ணாவது, இப்பவே போறேன்."

சொல்லியிருக்கலாம். நாலே வார்த்தை. ஆனால் மோர்ச் சொம்போடு வாசலில் நிற்கும் அவள் முகம்தான் அவன் கண்ணில் நின்றது. அந்த முகம் தன்னை எப்படிப் பார்க்கும் என்று நினைத்தான்.

"ஒண்ணுமில்ல. வெயிலு ஜாஸ்தியா இருக்குதுன்னு சொன்னேன்."

"உள்ளதான் ஜில்லுனு இருக்குதே" என்றபடி அவள் முந்தானையைச் சுருட்டித் தலைக்கு வைத்துக்கொண்டு கூடத்தில் படுத்தாள். கொஞ்ச நேரம் கழித்து, கண்ணை மூடியபடியே சொன்னாள்: "கீழ யாரோ தண்ணி மொண்டுக்கினு இருக்கற மாதிரி சத்தம். கேக்குதா உங்களுக்கு?"

"பக்கத்து வூட்டு பம்புசெட்டு."

"பக்கத்துல ஏதுங்க வூடு?"

அவன் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு வெளியே வந்தான். ஒருவேளை கிணறு வேறெங்காவது இருக்கலாம். தெருவின் அடியில் இருக்கலாம், காலி மனையில் இருக்கலாம். அளந்துவிட்டால் நிம்மதி. அன்று கட்டை எத்தனை வேண்டும் என்று கணக்குப் போட அவனே எடுத்த அளவு மறக்கவில்லை. தெருவுக்கு எதிரே நின்ற புளியமரத்திலிருந்து குட்டையின் மதகுக் கல்லைப் பார்த்து நேர்கோடு, எழுபத்திரண்டாவது அடியில் கிணற்றின் நடு. மரமும் கல்லும் இடம் மாறாமல் இருந்தன.

உச்சி வெயில். நிழல் காலுக்கடியில் சுருண்டுவிட்டது. காக்கை கத்தவில்லை. தூரத்தில் குட்டைக் கூச்சல் மட்டும் அலையலையாக வந்து வந்து அடங்கியது. மரத்து வேரில் ஆணி அடித்து நாடாவை மாட்டிவிட்டு, மதகுக் கல் இருக்கும் திசையைப் பார்த்தபடி, நாடாவைப் பின்னால் இழுத்துக்கொண்டு ஒவ்வொரு அடியாக நடந்தான். இருபது, முட்செடி. முப்பத்தைந்து, தெரு. நாற்பத்தெட்டு. நாடா அவன் வீட்டு வேலிப்படலைத் தொட்டது.

ஐம்பது அடி நாடா. அங்கே ஒரு குச்சியை நட்டு, மறுபடி அங்கிருந்து இழுத்தான். ஐம்பத்தாறு, துளசிச் செடி. அறுபத்தொன்று, வாசற்படி. மதகுக் கல் இப்போது திறந்த கொல்லைக் கதவு வழியாக நேராகத் தெரிந்தது. இடையில் வீடு மட்டும்தான்.

உள்ளே போனான். வெளிச்சத்திலிருந்து வந்த கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஊறி அழுகிய பனங்கட்டை வாடை.

அறுபத்தைந்து.

அறுபத்தெட்டு.

எழுபதில் நின்றான். இரண்டடி தள்ளி தையல்நாயகி ஒருக்களித்துப் படுத்திருந்தாள். காது தரையில். கண் திறந்திருந்தது.

"தையலு. எழுந்திரு. சத்தம் போடாம எழுந்து சுவரோரமா வா."

"இருங்க" என்றாள் அவள், மிக மெதுவாக. "ஏதோ சொல்லுது."

தரை உடையவில்லை. பழுத்த பூசணியில் விரல் இறங்குவது போல இறங்கியது. சத்தம்கூடப் பெரிதாக இல்லை. வட்டமாக ஒரு இருட்டு மட்டும் இருந்தது. அவள் படுத்திருந்த இடம் இல்லை.

அவன் கத்தினான். குட்டைப் பக்கம் யாரோ பெரிய மீன் பிடித்திருக்க வேண்டும், அங்கே அதைவிடப் பெரிய கூச்சல் எழுந்தது.

"ஏங்க." அடியிலிருந்து குரல் வந்தது. "ஏங்க, நான் நல்லாத்தான் இருக்கேன். தண்ணி கழுத்தளவுதான்."

உயிர் திரும்பி வந்தது அவனுக்கு. சாரம் கட்டுகிற கயிறு கொல்லையில் கிடந்தது. ஓடி எடுத்தான். ஒரு முனையை நிலையில் கட்டினான். மறுமுனையை வீசினான். குப்புறப் படுத்து, விளிம்பில் நெஞ்சை வைத்தான். "நெஞ்சோட சுத்திக் கட்டு. வயித்துல வேணாம்."

"கட்டியாச்சு. இழுங்க."

இழுத்தான். முழு பலத்தோடு. சாமி பேரெல்லாம் சொல்லி. போன வாரம் ஆஸ்பத்திரியில் நர்சம்மா அவளை நிறுத்தி எழுதியது ஐம்பத்தாறு கிலோ. இருபது வருடம் சிமெண்டு மூட்டை இழுத்த கைக்கு எடை தெரியும்.

இது ஐம்பத்தாறு இல்லை.

தண்ணியில நனைஞ்ச சேலை, என்று நினைத்தான். சேறு. இழுத்தான். உள்ளங்கைத் தோல் உரிந்தது. இழுத்தான். வெளிச்சம் விழும் இடத்துக்குத் தலை வந்தது. சேறு அப்பிய நெற்றி. அவள் முகம். அவள்தான். அழுகையும் சிரிப்புமாக அவன் வாயிலிருந்து என்னவோ வந்தது.

"இன்னும் கொஞ்சம், தையலு. பயப்படாத."

அவள் பயப்படவில்லை. அதுதான் முதலில் உறைத்தது.

அவள் தோளுக்குப் பின்னால் இன்னொரு தலைமுடி. ஈரம் சொட்டியது. முகம் அவள் முதுகில் புதைந்திருந்தது, அசந்து தூங்குகிற பிள்ளை மாதிரி. இரண்டு கைகள் பின்னாலிருந்து அவள் வயிற்றைச் சுற்றி வளைத்துக் கோத்திருந்தன. வெளுத்த கைகள். ஊறிய விரல்கள்.

"பாவங்க" என்றாள் தையல்நாயகி. "தனியா வுட்டுட்டு வர மனசு வரலை. சேத்து இழுங்க."

துரைக்கண்ணு இழுக்கவில்லை. விடவும் இல்லை. கயிறு நிலையில் முறுக்கேறிக் கிறீச்சிட்டது. அவன் கையிலிருந்து ரத்தம் வழிந்து கயிற்றோடு இறங்கியது.

கோத்திருந்த கைகளில் ஒன்று மட்டும் பிரிந்தது. மெதுவாக, ஆசையாக, வயிற்றைத் தடவிக்கொடுத்தது. அது தடவிய இடத்தில், நனைந்த சேலைக்கு அடியில், உள்ளேயிருந்து பிள்ளை உதைத்தது.