மார்ச் எட்டில் தொலைந்த தக்காளி

1992, செப்டம்பர் 17, வியாழக்கிழமை. காலை பத்து மணி பத்து நிமிடம்.

ஜகதீசன் டின்னின் அரக்கு முத்திரையை உடைத்து மூடியைத் திறந்தார். உள்ளே தக்காளி விதை இருக்க வேண்டும். இருந்தது வெண்டை விதை.

கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார். வெண்டை விதை வெண்டை விதையாகவே இருந்தது.

"ஜெசிந்தா!" என்று அவர் போட்ட கூச்சல், குளிர் அறைக்கு வெளியே காவலுக்கு உட்கார்ந்திருந்த சித்தையனை, வாயிலிருந்த வெற்றிலையை விழுங்கவைத்துவிட்டது.

மைசூரிலிருந்து நஞ்சன்கூடு போகும் சாலையில், ஊர் முடியும் இடத்தில் இருக்கிறது 'ஜகதீசன் அண்ட் பிரதர்ஸ் விதை நிலையம்'. பிரதர் என்று யாரும் கிடையாது. பெயர் எடுப்பாக இருக்கட்டும் என்று வைத்தது. ஏழு வருஷம் மகரந்தம் சேர்த்துச் சேர்த்து அவர் உண்டாக்கிய தக்காளியின் தாய் விதைதான் காணாமல் போயிருந்தது. மொத்தமே இருநூறு கிராம். சனிக்கிழமை ஸ்ரீரங்கப்பட்டணத்து நாற்றங்காலில் விதைத்தாக வேண்டும். தவறினால் ஒரு பருவமே போச்சு.

குளிர் அறைக்கு ஒரே கதவு, ஒரே சாவி. சாவி பதினோரு வருஷமாக ஸ்டோர் கீப்பர் ஜெசிந்தாவிடம் இருக்கிறது. போதாததற்குப் போன மாதம் பெங்களூரிலிருந்து ஒரு போட்டிக் கம்பெனிக்காரர் ஜெசிந்தா வீட்டுக்கு வந்து, கூடுதல் சம்பளத்துக்கு வேலை தருவதாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். ஜெசிந்தா மறுத்துவிட்டாள். ஆனால் அதை யாரிடமும் சொல்லவில்லை. ஜகதீசன் காதுக்கு அது இப்போது வேறு வழியாக வந்தது.

பன்னிரண்டரை மணிக்கு ஜெசிந்தாவிடமிருந்து சாவி பிடுங்கப்பட்டது. கையில் ஒரு கடிதம் தரப்பட்டது. 'விதை மாற்றிவைக்கப்பட்டது குறித்துச் சனிக்கிழமை நண்பகலுக்குள் விளக்கம் தராவிட்டால் போலீசில் புகார் செய்யப்படும்.'

செப்டம்பர் 18, வெள்ளிக்கிழமை. காலை ஒன்பதே கால்.

விசாலாக்ஷி மைசூர் ரயில் நிலையத்தில் ரிசர்வேஷன் கவுண்டரில் இருபத்தேழு வருஷமாக உட்கார்ந்திருப்பவள். அவளுடைய அப்பாவும் ரயில்வேதான். ஜெசிந்தா அவளுக்குப் பக்கத்து வீடு. இரவெல்லாம் சுவருக்கு அந்தப் பக்கம் அழுகைச் சத்தம் கேட்டிருக்கிறது. காலையில் கடிதத்தை வாங்கிப் படித்தாள். அன்றைக்கு லீவு சொல்லிவிட்டு, ஜெசிந்தாவையும் இழுத்துக்கொண்டு, விதை நிலையத்துக்கு வந்துவிட்டாள்.

"நீங்க யாரு மேடம்?" என்றார் ஜகதீசன்.

"இவளோட பக்கத்து வீடு. போலீஸ் வந்தா சாயங்காலம் வரைக்கும் கேள்வி கேப்பா. நான் ஒரு மணி நேரம் கேட்டுட்டுப் போயிடறேன். உங்களுக்கு விதை வேணுமா, வேண்டாமா?"

விதை வேண்டும். ஜகதீசன் நாற்காலியைக் காட்டினார்.

விசாலாக்ஷி நாற்காலியில் உட்காரவில்லை. நேராகக் குளிர் அறையைப் பார்க்கக் கிளம்பினாள். ராக் என்கிற அடுக்குகள் பத்து, ராக்குக்குப் பத்துக் குழிகள். குழிக்கு ஒரு டின். எல்லா டின்னும் ஒரே அளவு, ஒரே நிறம். எதன்மேலும் பெயர் இல்லை.

"பெயர் ஏன் ஒட்டலை?"

"ஒட்டினா போட்டிக்காரனுக்கு வசதியாப் போயிடும் மேடம்," என்றார் ஜகதீசன். "எந்தக் குழியில என்ன இருக்குன்னு கம்ப்யூட்டர் லிஸ்ட்ல மட்டும்தான் இருக்கும். தாய்த் தக்காளிக்கு எட்டு பை மூணுன்னு போட்டிருக்கு. எட்டாவது ராக், மூணாவது குழி. அதைத் திறந்தா வெண்டை. எவனோ தக்காளியை எடுத்துட்டு வெண்டையைப் போட்டிருக்கான்."

"மத்த டின்னையெல்லாம் திறந்து பாத்தேளா?"

"முத்திரையை உடைச்சா ஈரம் ஏறி முளைப்புத் திறன் போயிடும். அதோட, திருட்டுப் போனதை ராக்லயா தேடுவாங்க?"

விசாலாக்ஷி ஜெசிந்தாவைப் பார்த்தாள்.

"டின்னை வெச்சது யாரு?"

"நான்தான் மாமி. செவ்வாக்கிழமை லேப்லருந்து ஒம்பது டின் வந்துச்சு. எல்லாமே முத்திரை வெச்சது. உள்ள என்னன்னு எனக்குக் கொத்தில்ல, தெரியாது. கம்ப்யூட்டர் பாக்கற சேஷு, டின்னுல கட்டியிருக்கிற லேப் சீட்டைப் பிச்சு, ஒவ்வொண்ணா பேர் பாத்துக் குடுப்பாரு. நான் காலி இருக்கிற குழியில வெச்சிட்டு, வாசல்ல நின்னு நம்பரைக் கூவுவேன். அவர் கம்ப்யூட்டர்ல தட்டிக்குவாரு. அஷ்டே, அவ்வளவுதான்."

"நீ எழுதி வெச்சுக்கலையா?"

"போன வாரம் வரைக்கும் நோட்டு இருந்துச்சு. கம்ப்யூட்டர்ல புது வெர்ஷன் வந்தப்புறம் நோட்டு எதுக்குன்னு சார் வாங்கி உள்ள வெச்சிட்டாரு."

ஜகதீசன் கூரையைப் பார்த்தார்.

பத்து மணி இருபது. கம்ப்யூட்டர் அறை.

சேஷு முப்பத்தைந்து வயதுக்காரர். கணக்கும் கம்ப்யூட்டரும் அவர் பொறுப்பு. மேஜைமேல் கம்ப்யூட்டர் எலிக்கு, அதாவது மவுசுக்கு, ஒரு வெல்வெட் துணி விரித்திருந்தார். வீட்டில் சுவாமி படத்துக்குக்கூட அத்தனை நல்ல துணி இருக்குமா என்பது சந்தேகம்.

"லிஸ்ட் போடற புது ஸ்ப்ரெட்ஷீட் எப்போ வந்தது?"

"திங்கக்கிழமை மாமி. ஆறு மாசம் கெஞ்சி வாங்கினேன். ஒரே ஒரு தப்பு வந்தாலும் பழசுக்கே போயிடணும்னு சார் கண்டிஷன் போட்டுட்டார். வரவே வராதுன்னேன். பாருங்கோ, எத்தனை அழகு! பழசுல கறுப்புத் திரை, பச்சை எழுத்து. குழி நம்பர் தட்டணும்னா முன்னாடி ஒத்தை மேற்கோள் குறி மாதிரி ஒரு கொக்கி போடணும். மறந்துட்டா அஞ்சு பை ரெண்டுங்கறதை அஞ்சை ரெண்டால வகுத்து ரெண்டரைன்னு காட்டும். புதுசுல கொக்கியே வேண்டாம், அப்படியே தட்டலாம்னு விக்க வந்தவரே சொன்னார்."

"அப்போ செவ்வாக்கிழமை கொக்கி போடாமத்தான் தட்டினேளா?"

"ஆமா."

"தட்டினப்புறம் லிஸ்டை யாராவது தொட்டாளா?"

சேஷு எலியை ஒரு முறை துணியில் தேய்த்தார். "யாரும் தொடலை. தட்டினது தட்டினதுதான்."

"லிஸ்டை எப்படி அடுக்கி வெச்சிருக்கேள்?"

"விதைப் பேர் வரிசையில."

"குழி நம்பர் வரிசையில மாத்த முடியுமா?"

"ரெண்டு கிளிக்!" என்றார் சேஷு, பெருமை தாங்காமல். பெருமையிலேயே மாற்றியும் காட்டினார். விசாலாக்ஷி திரையில் விரலை வைத்து மேலிருந்து கீழே வந்தாள். ரிசர்வேஷன் சார்ட்டில் பயணி பெயரைத் தேடும் அதே விரல். பாதியில் ஓர் இடத்தில் நின்றது. பிறகு கீழே போய் இன்னோர் இடத்தில் நின்றது. அந்த வரிசையை எலியால் தொடச் சொன்னாள். திரையின் மேலே உள்ள நீளக் கட்டத்தில் அந்த எண் தனியாக வந்தது. அதைக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள். செவ்வாய்க்கிழமை ஏறிய வேறு நாலைந்து வரிசைகளையும் தொடச் சொல்லிப் பார்த்தாள். வெளியே போனாள்.

பத்து மணி ஐம்பது. குளிர் அறை வாசல்.

சித்தையன் கொள்ளேகாலத்துக்காரர். புது வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார்.

"செவ்வாக்கிழமை என்ன நடந்துச்சு சித்தையன்?"

"ஒண்ணும் நடக்கலைங்க. அந்தம்மா உள்ள போச்சுங்க, வந்துச்சுங்க. நம்பர் கூவுச்சுங்க. அம்புட்டுத்தானுங்."

"என்ன நம்பர்?"

"அதெங்கீங்க ஞாவகம்? ஆறு பை ஆறுன்னு ஒண்ணு கூவுச்சுங்க. எங்கூட்டு நம்பருங்க அது. அதனால ஞாவகம்."

"சாயங்காலம்?"

"சேசு சாருதான் ஏழு மணி வரைக்கும் இருந்தாருங்க. புது மிசினு வந்தா வேல சீக்கிரம் முடியும்னாரு. முன்னயவிட லேட்டாத்தான் போனாருங்க."

விசாலாக்ஷி சிரித்தாள். அப்போதுதான் அவர் வெற்றிலை சுற்றி வைத்திருந்த காகிதம் கண்ணில் பட்டது. ஓரத்தில் ஓட்டை போட்ட கம்ப்யூட்டர் காகிதம். நீளவாக்கில் கிழித்த பாதி.

"இது எங்க கிடைச்சுது?"

"செவ்வாக்கெழம சேசு சாரு குப்பையில போட்டாருங்க. நல்ல காயிதமுங்க. வெத்தல வாடாது."

காகிதத்தின் தலையில் '9/15/92' என்று இருந்தது. அதற்குக் கீழே 'குழி' என்ற தலைப்பு. அதற்கும் கீழே ஒன்பது வரிகள். 8-Mar. 6-Feb. 9-Jul. 6-Jun. இப்படியே போயிற்று.

"பதினஞ்சாவது மாசம்!" என்றாள் விசாலாக்ஷி. "இருபத்தேழு வருஷத்துல பதினஞ்சாம் மாசத்துக்கு நான் ஒரு டிக்கெட்கூடக் குடுத்ததில்லையே!"

சித்தையனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. காகிதத்தை அவள் எடுத்துக்கொண்டாளே என்ற வருத்தம் மட்டும் இருந்தது.

பதினொன்றே கால். கம்ப்யூட்டர் அறையில் எல்லோரும் நின்றார்கள்.

"ரயில்ல சில சமயம் ஒரே பெர்த்துக்கு ரெண்டு பேர் வந்து நிப்பா," என்று ஆரம்பித்தாள் விசாலாக்ஷி. "ரெண்டு பேர் கையிலயும் டிக்கெட் இருக்கும். உடனே ஒருத்தனைத் திருடன்னு சொல்லுவோமா? கவுண்டர்ல எவனோ தப்பா எழுதியிருக்கான்னுதானே சொல்லுவோம். உங்க லிஸ்ட்ல எட்டு பை மூணு ரெண்டு தடவை இருக்கு. ஒண்ணு தாய்த் தக்காளி. இன்னொண்ணு வெண்டை. ஜூன் மாசத்துலேர்ந்து அங்கேயே இருக்கிற வெண்டை. யாரும் எதையும் மாத்தலை சார். நீங்க வெண்டை டின்னைத் திறந்தேள், வெண்டை இருந்தது."

ஜகதீசனின் வாய் திறந்தபடி நின்றது. "அப்போ தக்காளி?"

"சொல்றேன். சேஷு, ஒரு காலிக் கட்டத்துல கொக்கி போடாம மூணு பை எட்டுன்னு தட்டுங்கோ."

சேஷுவின் கை நகரவில்லை. ஜகதீசனே குனிந்து, ஒற்றை விரலால் 3/8 என்று தட்டி, என்டரை அமுக்கினார்.

கட்டத்தில் 8-Mar என்று விழுந்தது.

"மார்ச்சா? நான் மார்ச்னு தட்டலையே!"

"உங்க புது வெர்ஷன் அமெரிக்காக்காரன் பண்ணினது. அவா மாசத்தை முன்னாடி போடுவா, தேதியைப் பின்னாடி. அதான் காகிதத் தலையிலயும் ஒன்பது, பதினஞ்சுன்னு அடிச்சிருக்கு. மூணு பை எட்டுன்னா அதுக்கு மூணாம் மாசம், எட்டாம் தேதி. சரி, இந்த 8-Marஐத் திருப்பி நம்பரா எழுதச் சொன்னா நீங்க எப்படி எழுதுவேள்?"

"எட்டு பை மூணு," என்றார் ஜகதீசன் யோசிக்காமல். சொன்ன பிறகுதான் யோசித்தார். "அடடா..."

"நானா இருந்தாலும் அப்படித்தான் எழுதுவேன். நம்ம ஊர்ல பொறந்த யாரும் அப்படித்தான் எழுதுவா. சேஷுவும் அப்படித்தான் எழுதினார். செவ்வாக்கிழமை பிரிண்ட் எடுத்ததும் ஒன்பது வரியிலயும் மாசம் நின்னுது. சார் கண்ணுல பட்டா புது வெர்ஷன் போயிடும். காகிதத்தைக் கிழிச்சுக் குப்பையில போட்டுட்டு, ஏழு மணி வரைக்கும் உக்காந்து ஒவ்வொண்ணாத் திருத்தினார். மறுபடி மாசமா மாறிடக் கூடாதேன்னு பழைய பழக்கத்துல முன்னாடி கொக்கியும் போட்டார். இந்த நீளக் கட்டத்தைப் பாருங்கோ. புதுசுல கொக்கியே வேண்டாம்னு சொன்னவர் தட்டின ஒன்பது வரியிலயும் கொக்கி நிக்கறது. ஒன்பதுல எட்டு நம்பர் தலைகீழாப் போச்சு. ஆறு பை ஆறு மட்டும் தப்பிச்சுது. திரும்பினாலும் அது ஆறு பை ஆறுதானே."

ஜகதீசன் மேஜையிலிருந்து குளிர் அறைச் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினார். எல்லோரும் பின்னாலேயே ஓடினார்கள். மூன்றாவது ராக், எட்டாவது குழி. முத்திரையை உடைத்தார். இளஞ்சிவப்பு மருந்து தடவிய தக்காளி விதை, அவரே தன் கையால் தடவியது, டின் நிறைய இருந்தது. ஜகதீசன் டின்னை மார்போடு அணைத்துக்கொண்டார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. குளிரினால் என்று சொல்லிக்கொண்டார்.

சேஷு வாசலில் தலைகுனிந்து நின்றார். "இப்படி ஆகும்னு எனக்குத் தெரியாது ஜெசிந்தா. ஏசு மேல... எந்த சாமி மேல வேணும்னாலும் சத்தியம் பண்றேன். நான் சரியாத்தான் திருத்தினேன்னு நினைச்சேன்."

ஜெசிந்தா நேற்றிலிருந்து யாரிடமும் குரல் உயர்த்தாதவள். இப்போதும் உயர்த்தவில்லை.

"மாசம் விழுந்திருக்கிறதைப் பாத்தீங்கல்ல? எந்திரிச்சு வெளிய வந்து, எந்த டின்னை எங்க வெச்சேன்னு ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கலாமே சேஷு. செவ்வாக்கிழமை சாயங்காலம் ஒம்பது நம்பரும் எனக்கு ஞாபகம் இருந்துச்சு, ரெண்டு நாள் கழிச்சு இல்ல. நேத்து என்னைத் திருடின்னாங்க. அப்பவும் நீங்க பக்கத்துலதான் நின்னுட்டிருந்தீங்க."

மாமி கேட்டபோது யாரும் தொடவில்லை என்று சொன்ன பொய் சேஷுவின் முகத்தில் அப்படியே இருந்தது.

ஜகதீசன் சாவியை நீட்டினார். "எடுத்துக்கோம்மா. அந்தக் கடிதத்தைக் குடு, கிழிச்சுப் போட்டுடறேன்."

ஜெசிந்தா பையிலிருந்து கடிதத்தை எடுத்தாள். கொடுக்கவில்லை.

"கிழிக்க வேண்டாம் சார். நேத்து எல்லார் முன்னாடியும் குடுத்தீங்க. இதுக்குக் கீழயே நான் எடுக்கலைன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. அப்புறம் என் நோட்டையும் குடுங்க."

ஜகதீசன் உள்ளே போய் நோட்டை எடுத்து வந்தார். அதையே அட்டையாக வைத்து, நின்றபடியே நாலு வரி எழுதினார். 'ஜெசிந்தா மீது எந்தத் தவறும் இல்லை. என் அவசரத்துக்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.' கையெழுத்துப் போட்டு, அதற்குக் கீழே 18/9/92 என்று தேதியும் போட்டுக் கொடுத்தார்.

ஜெசிந்தா ஒரு தடவை நிதானமாகப் படித்தாள். கடிதத்தைத் திருப்பி நீட்டினாள்.

"மாசத்தை எழுத்துலயே போடுங்க சார்."

ஜகதீசன் அடித்துவிட்டு 'செப்டம்பர் 18' என்று எழுதினார். அதன் பிறகுதான் அவள் சாவியை வாங்கிக்கொண்டாள்.